ரெண்டு விசில்

தாத்தா,

இன்னைக்குக் காலையில் ஆர்.சி. புக்கைத் தேடி ஸ்கூட்டி சீட்டைத் தூக்கினேன். எப்போது போட்டுவைத்தீர்களோ, துடைக்கிற துணிக்கு அடியில் உங்கள் பித்தளை விசில் கிடந்தது. வாய்கிட்டே கொண்டுபோனால் இன்னும் வெற்றிலை வாசம். நடுத்தெருவில் நின்று அழுதிருப்பேன் என்று நினைக்காதீர்கள், சிரித்தேன். "எம்புட்டு நேரந்தான் தேடுவ?" என்று அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஏன் நின்றாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், செத்தப் பொறுங்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே டவுன் பஸ்ஸில் கண்டக்டராகவே காலத்தை ஓட்டிய உங்களுக்கு ஒரு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்த ரோட்டுப் பாலத்தில்தான் அப்பா பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதன்பிறகு நம் வீட்டுக்குள் டூவீலர் நுழையவில்லை. நீங்களும் எவர் பின்னாலும் ஏறவில்லை.

லேப் டெக்னீஷியன் படித்து முடித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கணும். மாசக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேலை வேறொருத்திக்கு. "ஒருத்தரக் குடுத்தது போதாதா?" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்கள்தான் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஸ்கூட்டியை இரவல் கேட்டு வாங்கினீர்கள்.

"ஏட்டி, நீ ஓட்டு. நான் பின்னால உக்காருதேன். ரெண்டு பேரும் விழுந்தா ஒங்கம்மா யாரைத் திட்டுதான்னு பாப்போம்."

மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் காலை ஆறு மணிக்கு நம் சர்வீஸ். சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. விசில் மட்டும் தெரியும். ஒண்ணு அடித்தால் நிறுத்தணும், ரெண்டு அடித்தால் போகணும். என் தோளைப் பிடித்திருந்த உங்கள் கை வெடவெடவென்று நடுங்கும்.

"குளிருதா தாத்தா?"

"ஆமாத்தா, குளுருது."

சித்திரை மாசத்தில் என்ன குளிர்! எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டெஸ்ட். அன்றைக்கு அந்தப் பாலத்தைத் தாண்ட நம் ரெண்டு பேருக்கும் தைரியம் இல்லை. வண்டியை அக்கா ஓட்டி வர, நாம் பஸ்ஸில் போனோம். எட்டில் முக்கால்வாசி அழகாகப் போட்டுவிட்டேன். சுவரோரம் நின்ற உங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடித்தீர்களே ஒரு விசில்! சொல்லிவைத்த மாதிரி நான் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றிவிட்டேன். ஃபெயில்.

"யாருய்யா அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பழக்கதோஷம் சார், மன்னிச்சுக்கோங்க," என்று கும்பிட்டீர்கள். திரும்பும் பஸ்ஸில் நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "என் வேலை போனா அது ஒங்களாலதான்." அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. மறுநாள் காலை பொட்டலுக்கு வந்து விசிலை என் கையில் வைத்தீர்கள்.

"இது ஒங்கிட்டயே இருக்கட்டும். என் வாய் சொன்ன பேச்சு கேக்காது."

அடுத்த வாரம் விசிலைச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டு எட்டுப் போட்டேன், காலே ஊன்றாமல். பாஸ்! நீங்கள் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நிற்பு கண்ணிலேயே இருக்கிறது. அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு, "வாங்க, வண்டியிலயே போவோம்," என்று விசிலைத் திருப்பித் தந்தேன்.

பாலத்தில் ஏறியதும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன். ஓரமாக நிறுத்தினேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "இங்கனதான்," என்றீர்கள். அப்புறம் என் காதோரம் ரெண்டு விசில். காதே அடைத்துப்போனது. தோளில் இருந்த உங்கள் கை நடுங்கவில்லை, தாத்தா. வீடு வரைக்கும் நாம் போட்ட கூச்சலுக்கு ரோட்டில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அக்காவின் ஸ்கூட்டியையே சம்பளத்தில் விலைக்கு வாங்கிக்கொண்டேன். வன்னியம்பட்டி, ஆலங்குளம் என்று நான் ரத்தம் எடுக்கப் போகாத தெரு இல்லை. அம்மா மட்டும் இத்தனை நாளும் என் வண்டியில் ஏறவில்லை. இன்றைக்கு அவளாகவே, "ஆண்டாளைப் பாக்கணும், கூட்டிட்டுப் போறியா?" என்றாள்.

பாலம் வந்தது. என் தோளில் அவள் விரல்கள் நடுங்கின.

"குளிருதாம்மா?"

"ஆமாட்டி."

வண்டியை ஓரங்கட்டி விசிலைப் பின்னால் நீட்டினேன். யாருடையது என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. முந்தானையில் துடைத்தாள். ஒரு தடவை ஊதினாள். நான் கிளம்பவில்லை.

"ஒண்ணுன்னா நிக்கணும்மா. தாத்தா சட்டம்."

அழுதுகொண்டே சிரித்தாள். மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை ஊதினாள்.

ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.