புதுத் துணிக்கு மஞ்சள்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடாத மழை. உல்லன் நூலில் ஈரம் ஏறி ஊசியில் நகர மறுக்கிறது. டேராடூன் ஆர்டருக்குப் பாப்பா செட் இரண்டு. தொப்பி, சட்டை, காலுறை. ஒன்று வெள்ளை, ஒன்று இளம்பச்சை. வெள்ளைத் தொப்பி முடிந்தது. பச்சையில் இரண்டு முறை கண்ணி தவறிப் பிரித்தேன். புத்தி இங்கே இல்லை.

சாப்பாட்டு மேஜைமேல் நெருள் வீட்டு வரைபடம் மூன்று நாளாகக் கிடக்கிறது. மேலே ரசச்சொம்பின் வட்டம். இந்த மாட்டுங்கா கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், எல்லோரும் காலி செய்ய வேண்டும். அண்ணா நெருளில் வீடு வாங்கிவிட்டார். 29ஆம் தேதி கிருகப்பிரவேசம். இரண்டு படுக்கையறை. ஒன்று அண்ணா மன்னிக்கு. ஒன்று அவர்கள் பெண் நிக்கிக்கு, அவளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ். ஹாலில் புது சோஃபா.

மன்னி இன்று பழைய சாமான்காரருக்குப் போட வேண்டியவற்றின் லிஸ்ட் படித்தாள். "பழைய ஃப்ரிட்ஜ் பங்கார்வாலாவுக்கு. ஹால் திவான் பங்கார்வாலாவுக்கு."

திவானில் இருபது வருஷமாகப் படுப்பது நான். யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. நான் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் ஃபோட்டோ. நிக்கி என் நகத்துக்கு ரோஸ் கலர் பூசினாள். நாற்பத்தொன்பது வயதுக்கு ரோஸ். பின்னுவது போல் கையை வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் பின்னக் கூடாது, ஆடுகிறதாம். நான் தலையைக் குனிந்து பார்த்தேன்.

"அத்தை, முகம் வேண்டாம். ஹேண்ட்ஸ் மட்டும் போதும். அதான் ஓடறது."

ஆன்லைனில் எங்கள் கடைக்குப் பெயரே "அத்தை". நிக்கி வைத்தது. "எங்கள் வீட்டு அத்தை கையால் பின்னியது" என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறாள். படித்துக் காட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வேலை பார்த்த ஆபீஸை மூடிய பிறகு என்னைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை.

இந்த நோட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போகலாம். நிக்கிக்குத் தமிழில் பஸ் போர்டு படிக்கவே பத்து நிமிஷம் ஆகும். மன்னிக்கு என் எழுத்து புரியாது. அண்ணா பேப்பரைத் தவிர எதுவும் படிக்க மாட்டார்.

வாங்க: 4 எம்எம் ஊசி, வெள்ளை நூல் 6, இஞ்சி.

ஆகஸ்ட் 9, சனி

இன்று மானம் போயிற்று.

லக்னோவில் யாரோ ஒரு பெண். வெள்ளை செட் வாங்கினவள். ஒரே ஒரு ஸ்டார். கூடவே ஃபோட்டோ. தொப்பியின் உள்மடிப்பில் மஞ்சள் புள்ளி. "யாரோ போட்டுக் கழற்றிய பழைய துணியை அனுப்பியிருக்கிறார்கள், பிறந்த குழந்தைக்கு இப்படியா" என்று எழுதியிருக்கிறாள்.

நிக்கி ஃபோனை என் மூக்கு முன்னால் நீட்டினாள். "யே க்யா ஹை அத்தை? ஸ்டெயின் எப்படி வந்துது?"

"ஸ்டெயின் இல்லைடி. மஞ்சள். புதுசுக்கு வெக்கணுமோல்லியோ."

"நீயே வெச்சியா? எத்தனை பீஸ்ல?"

"எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயும்னா... ஜனவரிலேர்ந்தா?"

"ஆமாம்."

அவள் அப்படியே திவானில் உட்கார்ந்துவிட்டாள். கடுகளவுதான் வைப்பேன், உள்பக்கம், யாருக்கும் தெரியாது. நீலம், பச்சையில் எல்லாம் தெரிந்ததும் இல்லை. இந்த வெள்ளை காட்டிக்கொடுத்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் சுண்டியது.

சமையலறையிலிருந்து மன்னி வந்தாள். கையில் கரண்டி. கோபமில்லை, நிஜமாகவே ஆச்சரியம். "ஏன் புவனா, வெளியாருக்குப் போறதுக்கு யாராவது மஞ்சள் வெப்பாளா? ஆத்து மனுஷா கட்டிக்கறதுக்குன்னா வெக்கறது. அடுத்தவாளுக்குக் குடுக்கறதை மடிப்புக் கலையாம அப்படியேன்னா குடுக்கணும்."

சரிதான். எனக்குத் தெரியாததா. தீபாவளிக்கு மன்னிதான் எங்கள் நாலு பேர் துணிக்கும் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பாள். ஊருக்குக் கொடுக்கும் புடவைகளுக்கு வைக்க மாட்டாள்.

அண்ணா பேப்பரை இறக்காமல் சிரித்தார். "இந்தியா பூரா மஞ்சள் தடவி அனுப்பிச்சிருக்கா."

ஏன் வைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். மூன்று நாள் மடியில் வைத்துப் பின்னுகிறேன். இந்தத் தலை இவ்வளவு இருக்கும், கால் இவ்வளவு இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பின்னுகிறேன். முடிந்ததும் வெறுமனே உறையில் போட்டு ஒட்டக் கை வரவில்லை. நான் மஞ்சள் வைத்துக் கொடுக்க எனக்கென்று யார் இருக்கிறார்கள்? முகம் தெரியாத குழந்தைகளுக்கு வைத்தேன். ஒருத்தரும் தடுக்கவில்லை என்பதால் பழகிவிட்டது.

லக்னோவுக்குப் பணம் திருப்பியாகிவிட்டது. மன்னிப்பும் கேட்டாயிற்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அலமாரியில் தயாராக இருப்பது பதினொரு உருப்படி. எல்லாவற்றிலும் மஞ்சள்.

துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. அலசினதும் பழைய மஞ்சளே திரும்பி வந்தது. இனி ஒரே வழி, வெயிலில் போட வேண்டும், வெயில் பட்டால் மஞ்சள் போய்விடும். ஆகஸ்ட் மாத பம்பாயில் வெயிலுக்கு எங்கே போவது.

பதினொன்றும் ஜன்னல் கம்பியில். கீழே காய்கறிக்காரர் அண்ணாந்து பார்த்து, "கர் மே பேபி ஆயா க்யா, ஆண்ட்டி?" என்றார். வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறதா என்று. இல்லை பையா, மழைக்குக் காயவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மழை. குதிகால் வலி. ஆனால் நல்ல நாள்.

அண்ணா ஆபீஸ் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "புவனா, உன் ஆதார் காப்பி ஒண்ணு குடு. ரெண்டு ஃபோட்டோவும்" என்றார்.

"எதுக்குண்ணா?"

"வீட்டுக்குத்தான். வேணும்."

வீட்டுக்கு. நெருள் அடுக்குமாடி சொசைட்டியில் இருப்பவர்கள் எல்லோருடைய ஆதாரும் கேட்பார்களாக இருக்கும். அப்படியானால் என் பெயரும் அங்கே போகிறது. காப்பி எடுத்துக் கொடுத்தேன். ஃபோட்டோ பழசு, ஆபீஸில் இருந்தபோது எடுத்தது, கண்ணாடி இல்லை. பரவாயில்லை என்றார்.

மத்தியானம் வரைபடத்தை நன்றாகப் பார்த்தேன். ஹாலை ஒட்டி ஒரு பால்கனி, பத்துக்கு ஐந்தரை. பச்சை நூலில் பத்துக்கு ஐந்தரை அடி அளந்து தரையில் போட்டுப் பார்த்தேன். மடக்குக் கட்டில் ஒன்று போடலாம். தலைமாட்டில் நூல் பெட்டி. மழைச்சாரலுக்குப் பிளாஸ்டிக் ஷீட். தாராளம்.

மன்னி வந்துவிட்டாள். நூல் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். "என்ன பண்றே?" "ஆர்டர் அளவு பாக்கறேன் மன்னி." பொய்.

புது வீட்டு வாசலுக்கு குரோஷாவில் மாவிலைத் தோரணம் தொடங்கிவிட்டேன். இருபத்தோரு இலை. இது விற்க இல்லை. நம் வீட்டுக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. நெருள் வீட்டைத் துடைக்கப் போனோம்.

காரில் குத்துவிளக்கு, குக்கர், பித்தளைப் பாத்திரங்கள், அண்ணா, மன்னி, நிக்கி. எனக்கு இடமில்லை. "நீ ட்ரெய்ன்ல வந்துடறியா? சீக்கிரமே வந்துடுவே." குர்லாவில் மாறினேன். ஞாயிற்றுக்கிழமை, லேடீஸ் டப்பாவில்கூட இடம் இருந்தது. ஒரு பெண் என் பக்கத்து சீட்டைக் காட்டி, "கோயி ஆ ரஹா ஹை க்யா?" என்றாள். யாராவது வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் வாஷி பாலம் முழுக்க அந்தக் கேள்வி காதில்.

வீடு நன்றாக இருக்கிறது. நல்ல காற்று. பால்கனியைத்தான் முதலில் பார்த்தேன். கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள். வாஷிங் மெஷின் வந்துவிட்டது. பக்கத்தில் துணி உலர்த்தும் ஸ்டாண்ட். மீதி இடத்தில் நான் நிற்கலாம்.

நிக்கி அறையில் புதிதாக ஒரு ஷெல்ஃப். மேலே சீட்டு ஒட்டியிருக்கிறாள், "அத்தை" என்று. எனக்கு இடம் என்று நினைத்துவிட்டேன். "எல்லா ஸ்டாக்கும் இங்கதான் அத்தை. பேக்கிங் டேபிள், கூரியர் பிக்கப், சப் குச் இங்கேர்ந்து." இடம் டப்பாக்களுக்கு.

இரண்டு பாத்ரூம் தேய்த்தேன். சொசைட்டி மாமி ஒருத்தி எட்டிப் பார்த்து மன்னியிடம், "நீங்க எத்தனை பேர்?" என்றாள்.

"மூணு பேர் மாமி."

நான் கையில் பிரஷ்ஷோடு உள்ளே இருந்தேன். மன்னி எண்ணத் தவறியிருப்பாள். பேச்சு வேகத்தில் அப்படி வரும்தான்.

கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஆதார் வாங்கியிருக்கிறாரே.

ஆகஸ்ட் 21, வியாழன்

வெயில்! பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை. ஓடி ஓடிக் கொடியில் திருப்பித் திருப்பிப் போட்டேன். சாயங்காலம் கண்ணாடி போட்டு உள்மடிப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றிலும் மஞ்சள் இல்லை. கடையில் வாங்கின மாதிரி சுத்தம். நிக்கி கட்டிக்கொண்டாள். "ஸோ க்ளீன் அத்தை! இனிமே வெக்காதே, ப்ராமிஸ்?"

ப்ராமிஸ் என்றேன்.

டேராடூன் செட் போயிற்று, வெறுமனே. உறையை ஒட்டும்போது விரல் சும்மா இருக்க முடியாமல் தவித்தது. தோரணத்தில் பதினாறு இலை ஆயிற்று.

இந்த வீட்டில் யாருக்கும் என்மேல் விரோதமில்லை. தட்டில் சாதம் குறைவதில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரை வருகிறது. ஆனாலும் நாள் முழுக்க நான் பேசிய வார்த்தைகளை எண்ணினால் ஒரு காலுறைக்குப் போடும் கண்ணியைவிடக் குறைவு. இன்று முப்பது இருக்கலாம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மறுபடி மழை. தோரணம் முடிந்தது. மன்னிக்குப் பிடித்துவிட்டது. "கடையில வாங்கினா இப்படி அமையாது. வாசல்ல இதையே கட்டிடலாம்."

பங்கார்வாலா திவானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடியில் கிடைத்தவை: 3 எம்எம் ஊசி ஒன்று (போன வருஷம் தேடினது), ஹேர்பின்கள், நிக்கியின் பால்பல் டப்பா. தரையில் பாய். பேச்சுவாக்கில் அண்ணா, "நாலு நாள்தானே" என்றார். நாலு நாளுக்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை கிருகப்பிரவேசம். எங்கு பார்த்தாலும் அட்டைப்பெட்டி. மத்தியானம் எழுதுகிறேன், எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

காலையில் மன்னி அறையில் கட்டிலை நிறைத்துப் புதுத் துணிகள். மடிக்க உதவக் கூப்பிட்டாள். இந்தப் பக்கம் அண்ணாவின் ஒன்பது ஐந்து வேஷ்டி, மன்னியின் அரக்குப் பட்டு, நிக்கியின் ரெடிமேட் புடவை. மூன்றிலும் ஓரத்தில் மஞ்சள், இன்னும் ஈரம் காயவில்லை. அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பெட்டிகள். பிளாஸ்டிக் கவரோடு, மேலே வெற்றிலை பாக்கு. ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. பாலக்காட்டுச் சித்தி. அண்ணா ஆபீஸ் மேடம். கீழ்வீட்டு மாமி.

நாலாவது, புவனா.

"உனக்குன்னே பார்த்து எடுத்தேன். உனக்கு மாம்பழக் கலர் பிடிக்குமே" என்றாள் மன்னி. பிடிக்கும்தான். நல்ல புடவை. கவரைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நாலு ஓரமும். அந்தப் பதினொரு உருப்படிகளைப் பார்த்த மாதிரியே. மடிப்புக் கலையவில்லை.

அப்போதுதான் கேட்டேன். இந்த மாதம் முழுக்க விழுங்கின கேள்வி, ரொம்பச் சாதாரணமாக வெளியே வந்தது. "மன்னி, நான் எங்கே இருக்கப் போறேன்?"

அவள் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். "அண்ணா சொல்லலையா? சொல்லுங்கோ சொல்லுங்கோன்னு எத்தனை நாளா சொல்லிண்டிருக்கேன். செம்பூர்ல உனக்கு ரூம் பார்த்திருக்கார். ஒண்ணாந்தேதியிலேர்ந்து. அன்னிக்கு ஆதார் வாங்கிண்டாரே, அந்த அக்ரிமென்ட்டுக்குத்தான்."

வலித்தது. யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். ரொம்ப வலித்தது.

"புடவை நன்னா இருக்கு மன்னி" என்றேன்.

மன்னி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, அரைமணி கழித்து அண்ணா வந்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துப் பேசினார். "நல்ல இடம். கீழே இருக்கற மாமி தமிழ்தான். ஸ்டேஷன் பத்து நிமிஷம். வாடகையை நான் பார்த்துக்கறேன்."

"சரிண்ணா."

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடு."

"சரிண்ணா."

நிக்கி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள், கண் சிவந்து. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "பின்னினதையெல்லாம் சண்டே எடுத்துண்டு வா அத்தை, நான் பேக் பண்றேன்" என்றாள். கடைப் பெயரை மாற்றப் போவதில்லையாம். அத்தை என்றே இருக்குமாம்.

நாளை எதைக் கட்டுவது? மாம்பழக் கலரைத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேட்பார்கள். மஞ்சள் கிண்ணம் சமையலறை மேடையில்தான் இருக்கிறது. தனக்குத்தானே வைத்துக்கொண்டு பழக்கமில்லை.

செம்பூருக்கு:
ஊசிகள், எல்லா அளவும்
நூல் பெட்டி இரண்டு
பாய், தலையணை
குடை
இந்த நோட்டு
மஞ்சள்பொடி, சின்ன பாக்கெட். ஒரு ஆளுக்குப் போதும்.