காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்

உன்னிச்சை,
1938 ஆனி 9

அன்புள்ள அம்மாவுக்கு மகள் பூரணம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? அப்பாவின் இருமல் எப்படி? இதை நீங்களே எழுத்துக்கூட்டி வாசியுங்கள். அப்பாவிடம் கொடுக்க வேண்டாம்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. திங்கட்கிழமை காலையிலிருந்தே மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சிலேட்டைக் கீழே போட்ட பிள்ளையை ஏசினேன், பிறகு நானே அழுதேன். மத்தியானம் படிப்பிக்கும்போது அடிவயிறு முறுக்கி, நாரியும் முதுகும் உளைந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டேன். மாதத் தீட்டுக்கு முன் வரும் நோவுதான். தலைமை ஆசிரியர் ஓடிவந்து, "என்ன புள்ள, காய்ச்சலா?" என்றார். ஆம்பிளைக்கு வேறென்ன சொல்வது? "ஓம் ஐயா" என்றேன். பள்ளிக்கூட அலுமாரியிலிருந்த காய்ச்சல் மருந்து, கொயினாவைக் கொண்டுவந்து, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மருந்தால் இரண்டு நாள் காதுக்குள் வண்டு இரைந்தது. சிரிக்காதீர்கள், நான் இப்படிக் காய்ச்சல் என்று சொல்லி மருந்து விழுங்குவது இது மூன்றாவது மாதம்.

இந்த ஊர்க் காய்ச்சல் என்னை விடாது, கூட்டிப்போங்கள் என்று அவர் இப்போது அப்பாவுக்கு எழுதிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து இருப்பதும் எழும்புவதுமாக இருக்கிறேன். அப்பா வண்டி கட்டுமுன் நீங்கள் உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும்.

ஓமமும் பழைய நூல்சேலைத் துண்டுகளும் அனுப்புங்கள். ஓமத்தை நானே அவித்துக் குடிப்பேன்; முதுகைத் தடவிவிடத்தான் ஆளில்லை. தபால் போகப்போகிறது, முடிக்கிறேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். மாதாமாதம் உங்களுக்கு என்று அவரிடம் சொன்ன தலையிடியும் இதுதான் என்று அதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மகள்
பூரணம்