கடன் கணக்கும் பரண்மேல் பூண்டும்

ஜூன் 9, திங்கள்

கொடைக்கானல் மலைப் போளூரில் மழை. மேகம் வாசல்வரை. துணி காயாது.

வேலை: பள்ளிக்கூடச் சத்துணவு முட்டை ரெஜிஸ்டர். இவருக்குச் சர்க்கரை மாத்திரை. மகள் நந்துவின் டி.சி. ஜெராக்ஸ், வங்கிக்கு.

நந்துவுக்குப் பழனிப் பக்கம் ஒரு காலேஜில் பி.எஸ்சி. ஊட்டச்சத்து. வெள்ளிக்குள் ஃபீஸ் முதல் தவணை கட்ட வேண்டும். காலேஜ் நோட்டீஸில் வெள்ளைக் கோட்டுப் பெண், பக்கத்தில் கொட்டை எழுத்தில் மாதச் சம்பளம். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு மனப்பாடம்.

நான் படித்த பி.காம். இன்றைக்கு முட்டை எண்ணுகிறது. அதனால்தான் பயமா?

ஆனால் அவள் இதைத் தேர்ந்தெடுத்தது நோட்டீஸைப் பார்த்து அல்ல. போன வருஷம் இவருடைய கால் புண்ணுக்குப் போன ஆஸ்பத்திரியில் ஒரு சாப்பாட்டுத் தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், அவ்வளவுதான். நந்து அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பீன்ஸ், முட்டைக்கோஸ், அவரை என்று இங்கே விளைவதையே எழுதினாள். சோற்றுக்கு ஒரு கிண்ண அளவு. மூன்று மாதத்தில் புண் ஆறியது. அந்தத் தாள் இன்னும் அடுப்படிச் சுவரில்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். பால் இரண்டு நாளாக வரவில்லை.

எங்கள் சத்துணவுச் சமையல்காரம்மாவின் அக்கா மகள் செல்வராணி, இதே படிப்பு படித்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. போன் போட்டேன். ஸ்பீக்கரில், மூன்று பேரும் கேட்க.

“பொய் சொல்ல மாட்டேங்க அத்தை. சேர்றப்போ பதினாலாயிரம். ரெண்டு வருஷம் கழிச்சு இப்போ பதினெட்டு. மேல படிச்சா கொஞ்சம் ஏறும். நோட்டீஸ்ல போடுற சம்பளம் எங்க செட்ல ஒருத்திக்குத்தான். அவளும் துபாய்ல இருக்கா.”

இவர்: “பூண்டு வெட்டுற கூலியே மாசத்துக்கு அதுக்கு மேல வருமே.”

நந்து: “வருஷம் பூரா பூண்டு வெட்டுறாங்களாப்பா?”

செல்வராணி சிரித்துவிட்டாள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “சோறே திங்காதீங்கன்னு சொல்ற அன்னைக்குப் புடிக்காது. எவ்வளவு திங்கலாம்னு காட்டிக் குடுக்கிற அன்னைக்குப் புடிக்கும்.”

நந்து பதினாலாயிரம் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

வெள்ளனே பஸ். கொடைக்கானல், வங்கி. குடை மறந்தேன்.

மேனேஜர் வருமானம் கேட்டார். இவர் பூண்டுக்கு விலை எகிறிய அந்த ஒரு வருஷத்துக் கணக்கைச் சொன்னார். மேசைக்கடியில் இவர் காலை மிதித்தேன். காலேஜும் ஒரே ஒருத்தியைக் காட்டுகிறது, நாமும் ஒரே ஒரு வருஷத்தைக் காட்டுகிறோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நந்துவும் நானும் டிக்கெட்டின் பின்னால் கணக்கு. ஃபீஸ், ஹாஸ்டல் சேர்த்து நாலு லட்சம். படித்து முடிக்கும்போது வட்டியும் ஏறிவிடும். மாதத் தவணை எட்டாயிரத்துச் சொச்சம். சம்பளம் பதினாலு. வெளியூரில் வாடகை, சாப்பாடு. மிச்சம் ஒன்றுமில்லை.

ஹாஸ்டலை எடுத்துவிட்டால்? கடன் பாதிக்கும் கீழ். தவணை நாலாயிரத்துக்குள்.

“காலேஜ் பக்கத்துலயே, ஆயக்குடியில அத்தை வீடு இருக்குல்லம்மா. அங்கேர்ந்து டவுன் பஸ்.”

முன் சீட்டில் இவர் முதுகு அசையவில்லை. கேட்டிருக்கும்.

அந்த வீட்டோடு பேச்சு நின்று ஆறு வருஷம். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில், புகையில் தொங்குவது விதைப்பூண்டு. அடுத்த நடவுக்கு. அதை யாரும் தொடுவதில்லை. ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்யும் அண்ணனுக்கு, அதாவது நாத்தனார் வீட்டுக்காரருக்கு, அது தெரியாது. இவரும் நானும் இல்லாத அன்று வந்து, நல்ல விலை என்று பரணையே காலி செய்து ஏற்றிக்கொண்டு போய் விற்றார். மறுவாரம் ஸ்வீட் பெட்டியோடு முழுப் பணத்தையும் கொண்டுவந்து நீட்டினார். ஒரு ரூபாய் குறையவில்லை. அந்த வருஷம் விதை எங்கும் கிடைக்கவில்லை. நிலம் சும்மா கிடந்தது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. நானும் சமாதானம் செய்யவில்லை. எழுதிவைக்கிறேன்: என் தப்பும் உண்டு.

ஜூன் 12, வியாழன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

காலையில் சாப்பிட்டதும் இவர் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போனார். பின்னாலேயே போய் வேலியோரம் நின்றேன். நாத்தனார் குரல், ஸ்பீக்கர் போடாமலே கேட்கும்.

“ஏலே. ஆறு வருஷமா என்ன சோலிடா உனக்கு?”

“சிக்னல் இல்லக்கா.”

“ஆறு வருஷமாவா?”

இவர் வரப்பைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வாடகை என்று ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் சத்தம்.

“வாடகை கீடகைன்னா போனை வச்சிருவேன். பிள்ளைய வெரசா அனுப்பு. உங்க மச்சானுக்கும் சர்க்கரைதான், கொய்யாப் பழமா முழுங்குறாரு. அவ வந்து ரெண்டு வார்த்தை கேக்கட்டும்.”

இவர் சிரித்தார். போனில் அவர் சிரித்து நாளாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மேகம். மதியம் வங்கி.

கடன் பெறுபவர்: நந்தினி. கூட்டாகப் பொறுப்பு: நான். ஹாஸ்டல் கட்டத்தில் அவளே கோடு போட்டாள்.

சாயங்காலம் ஆயக்குடிக்குக் கொடுத்துவிட இவர் பரணில் ஏறி ஒரு கட்டுப் பூண்டு இறக்கினார். புகை மணம், பெரிய பெரிய பல்.

“அப்பா, இது விதைக்கட்டு.”

“தெரியும்.”