கிண்ணம் காலி

மார்ச் 3, செவ்வாய்

இன்று வெள்ளைத் துணி நாள். விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளே இரண்டு மூட்டை. அம்மா சலவைக்கடையின் முன்பக்கம் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறாள், நான் பின்பக்கம் இஸ்திரி போடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இப்படித்தான். எனக்கு இது பிடித்திருக்கிறது. படுக்கை விரிப்பு யாரையும் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வதில்லை.

மாடியில், ஞாயிற்றுக்கிழமை வந்தவள் இன்னும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில்தான் இருக்கிறாள். ஏதோ கிடங்கில் சங்கிலியில் கட்டிக் கிடந்த நாயாம். கழுத்தைச் சுற்றி முடியே இல்லாமல் ஒரு வளையம். எந்நேரமும் தலையைக் குனிந்திருப்பதால் அண்ணன் "புதுப்பொண்ணு" என்று பேர் வைத்துவிட்டான். அப்பா மட்டும், "வீட்ல ஏற்கெனவே ஒருத்தன் சோபாவுல பாதியை எடுத்துக்கிட்டான். மீதிக்கு இவளா?" என்றார். அந்த ஒருத்தன் உருண்டை. எங்கள் பழைய நாய். பேரைச் சொன்னாலே உருவம் தெரிந்துவிடும்.

நாய்க் காப்பகத்து அக்கா அவளை விட்டுவிட்டுப் போகும்போது என்னிடம் சொன்னது: "பேசாத. கண்ணைப் பாக்காத. கிண்ணத்தை வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடு."

அண்ணன் சிரித்தான். "இதுக்குன்னே பொறந்தவக்கா இவ. நாங்களே இவ குரலைக் கேட்டு மாசக்கணக்காச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் பேசாமல் இருப்பது ஒரு வேலைக்கு ஆகிறது என்று யாராவது சொல்வது இதுதான் முதல் தடவை.

மார்ச் 4, புதன்

கிண்ணம் காலி!! துடைத்து வைத்த மாதிரி.

மார்ச் 6, வெள்ளி

வேகவைத்த கோழியும் சோறும் பிசைந்து, சூடு ஆறவிட்டு, மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே போய்விடுகிறேன். ஒரு மூட்டை முடித்துவிட்டு வந்தால் காலி. நான் நினைப்பது அவளுக்கும் அவள் நினைப்பது எனக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது. எல்லோரும் பார்க்கும்போது எனக்கும் சோறு இறங்காது. பள்ளியில் மதியச் சாப்பாட்டைப் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்துதான் சாப்பிடுவேன்.

"புதுப்பொண்ணு சாப்பிட்டாளா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். நான் தலையாட்டுகிறேன். அம்மாவின் முகம் மலர்கிறது. இப்படி ஒரு வேலை கிடைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது?

அண்ணனிடம் மட்டும் கொஞ்சம் பொறாமை. "இந்தா, பிடி" என்று பிரெட் துண்டை நீட்டினான், வாங்கிக்கொண்டாள். நான் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா எடை பார்க்க வந்தாள். குறைந்திருக்கிறது. நிறையவே. 

"ஒழுங்கா சாப்பிடுறான்னுதானே சொன்னீங்க?" என்றாள் அக்கா. அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உருண்டை மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு, தானே போய் எடை மிஷினில் ஏறி உட்கார்ந்தான். அப்பா முள்ளைப் பார்த்துவிட்டு, "இங்கதான் போயிருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அவள் எடை ஏன் குறைந்ததென்று மட்டும் புரியவில்லை பாருங்கள் — இல்லை, யாரிடம் பாருங்கள் என்கிறேன், இது நான் மட்டும் படிப்பது.

மார்ச் 9, திங்கள்

கதவு இடுக்கில் நின்று பார்த்தேன்.

புதுப்பொண்ணு கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து எச்சில் சொட்டுகிறது. ஆனால் வாய் வைக்கவில்லை. உருண்டை ஆற அமர வந்தான், அவளை இடித்துக்கொண்டு நின்றான், முழுசையும் தின்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இத்தனை நாளும் நான் நன்றி சொன்னது இவன் வயிற்றுக்கு.

மார்ச் 10, செவ்வாய்

உருண்டையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அவளுக்குக் கிண்ணம் வைத்தேன். பேசவில்லை, பார்க்கவில்லை. மாலையில் வந்து பார்த்தால் சோறு காய்ந்து கிடக்கிறது. அவள் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரிடம் கூட்டிப் போனோம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லையாம். அண்ணன் வேலைக்குப் போகும் முன் கொடுக்கிற பிரெட்டில்தான் உயிர் ஓடுகிறது.

நான் என்ன தப்பு செய்கிறேன்? இன்னும் எவ்வளவு அமைதியாக இருக்க முடியும்? செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

அக்கா போன் செய்தாள், அம்மா எடுத்தாள். (நான் போன் எடுப்பதில்லை.) இன்னொரு நாய் இருக்கும் வீடு அவளுக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, ஞாயிறு வந்து கூட்டிப் போய்விடுகிறேன் என்றாளாம். தூரத்தில் ஒரு வீடு இருக்கிறதாம், வேறு நாய் இல்லாத வீடு.

"நல்லதுக்குத்தானேடி சொல்றா" என்றாள் அம்மா. நல்லதுக்குத்தான். எனக்கும் தெரியும்.

மார்ச் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிண்ணத்தை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். உருண்டை என் காலுக்கு நடுவில் புகுந்து உள்ளே வந்துவிட்டான். நேராகக் கிண்ணத்துக்குப் போனான். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினேன். நான். கத்தினேன். "சாப்பிடு! நீயே சாப்பிடு! எல்லாத்தையும் நீயே தின்னு, அவ பட்டினியா சாகட்டும்! சாப்பிடுடா!"

இஸ்திரியை அப்படியே வைத்துவிட்டு அம்மா படியேறி ஓடி வந்தாள். "யாருடி அது கத்துறது?" வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம். அது என் குரல் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் சப்தம் கேட்டது. சளக், சளக் என்று.

புதுப்பொண்ணு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் அம்மாவும் அப்படியே நின்றோம். என் கையில் உருண்டை திமிறிக்கொண்டிருந்தான். அவள் நிமிரவே இல்லை. கிண்ணத்தைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் நக்கினாள்.

மார்ச் 14, சனி

காலையில் பேசாமல் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடு" என்றேன், மெதுவாகத்தான். சாப்பிட்டாள்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் 'இந்தா, பிடி'ன்னு சொல்லிட்டே குடுத்தேன்டி. அதான் வாங்கியிருக்கா. அந்தக் கிடங்குல, சொல்றதுக்கு முன்னாடி வாய் வெச்சா அடி விழுந்திருக்கும்." 

எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். வயிறு காய்ந்துகொண்டிருக்க, நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று. நானோ செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துகொண்டிருந்தேன்.

உருண்டைக்கு இன்று ஒரு பிஸ்கட் கூடுதல். அவன் திருடனாக இல்லாமல் இருந்திருந்தால் நான் கத்தியே இருக்க மாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா பெரிய கூண்டோடு வந்தாள். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். அக்கா முழுசாக நம்பவில்லை. "பகல்ல வீட்ல இருக்குறது அவதானே? அவ வெச்சு இது சாப்பிடுதான்னு நான் பாக்கணும்."

அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, கூண்டைத் தூக்கி வந்த டிரைவர். எல்லோரும் சுவரை ஒட்டி நின்றார்கள். கிண்ணத்தை வைத்தேன். புதுப்பொண்ணு உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

மறுபடி அதே வகுப்பறை. கையில் புத்தகம், வரி கண்ணுக்குத் தெரிகிறது, வாய் மட்டும் திறக்காது. வகுப்பே காத்திருக்கும். அண்ணன் சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "இருடா. அவ சொல்லுவா."

டிரைவர் இருமினார். புதுப்பொண்ணின் வாயிலிருந்து எச்சில் ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

வகுப்பில் காத்திருந்தவர்கள் சிரிக்கக் காத்திருந்தார்கள். இவள் பசியோடு காத்திருக்கிறாள்.

"சாப்பிடும்மா" என்றேன். தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது குரல். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அக்கா கூண்டின் கதவைச் சாத்தினாள். பிறகு, "நான்தான் பேசாதன்னு சொன்னேன். போயும் போயும் உன்கிட்ட சொல்லியிருக்கேன் பாரு" என்று என் தலையில் செல்லமாகக் குட்டினாள். கூண்டு காலியாகவே திரும்பிப் போனது. அப்பா சோபாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சரி, நான் நாற்காலியில உக்காந்துக்கறேன்."

மார்ச் 22, ஞாயிறு

எடை கூடியிருக்கிறது. போனில் அக்காவுக்கு நானே சொன்னேன். இரண்டே வரி. பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

உருண்டையின் தொந்தியைக் குறைக்கத் தினமும் மாலையில் நடக்கக் கூட்டிப் போகிறேன். இன்று கிளம்பும் முன் அவளுக்குக் கிண்ணத்தை வைத்தேன். அதற்குள் கீழே யாரோ துணி வாங்க வந்து கூப்பிட்டார்கள். "இதோ வரேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு உருண்டையையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். துணியைக் கொடுத்தேன். அப்படியே நடக்கப் போய்விட்டேன். தெருக்கோடியில்தான் நினைவு வந்தது. சொல்லவில்லையே! பாவம், எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பாளே!

பாதி வழியில் திரும்பி மூச்சிரைக்க மாடியேறினேன்.

கிண்ணம் காலி.

பழக்கதோஷம், முதலில் உருண்டையைத்தான் முறைத்தேன். ஆனால் அவனைப் பிடித்த கயிறு என் கையில் இருந்தது. கீழே எட்டிப் பார்த்து, "மேல யாராவது வந்தீங்களா?" என்று கத்தினேன். "நாங்க எல்லாரும் கடையிலதான்டி இருக்கோம்" என்றாள் அம்மா. அப்பாவும் அண்ணனும் அவளோடு கடையின் பின்பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் சொல்லவில்லை.

புதுப்பொண்ணு மேஜைக்கு அடியில் இல்லை. சோபாவில், அப்பாவின் இடத்தில், நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். மீசையில் ஒரு பருக்கை. உருண்டை போய்க் கிண்ணத்தை மோந்தான், உள்ளே தலையை விட்டுத் தேடினான், திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லடா" என்றேன். "எல்லாத்தையும் அவளே சாப்பிட்டா."