எல்லோரும் ஊமையாயிருந்த கூடம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் கழுத்து வலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

போன வாரம் என் போன் வராமல் பதறியிருப்பாய். ஒன்றுமில்லை. எங்கள் சலவை ஆலை முதலாளியம்மா எங்கள் எல்லோரையும் மௌன தியான முகாமுக்கு அழைத்துப் போயிருந்தார். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது. "உங்களுக்கு எதுக்குங்க அது? நீங்க வீட்லயே மௌனசாமிதானே!" என்று நீ சிரிப்பது கேட்கிறது.

சொன்னால் நம்ப மாட்டாய், அங்கே நன்றாகத் தூங்கினேன். தலைபாரம்கூட விட்டது. ஆலையில் பாஷை தெரியாமல் நான் ஒருவன்தான் ஊமை. அந்தக் கூடத்தில் அத்தனை பேரும் ஊமை. இஸ்திரி போடும் பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூடிய கண்ணோடு அழுதார். என் துண்டை அவர் மடியில் வைத்தேன். எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

கடைசி நாள் மணி அடித்ததும் மடை திறந்த மாதிரி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு மெல்லக் கையை விட்டுவிட்டார்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் இரண்டு துண்டு கொடுத்தனுப்பு. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பேச விஷயமில்லை என்று போனை வைத்துவிடாதே. அடுப்பு மேடையில் அப்படியே விட்டுவிட்டு உன் பாட்டுக்குச் சமை. நானும் பேச மாட்டேன், சும்மா கூட இருக்கிறேன்.

ஆலை வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

பாப்பா அப்பா