மேட்ச்சுக்கு ஆறாயிரம்

சிவகாசி
1.12.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. மெயில் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே காலண்டர் சீசன். ரியாஸ் அண்ணன் அச்சகத்தில் காலையில் புரூஃப் பார்க்க உட்கார்ந்தால் சாயங்காலம் கண் பூத்துவிடுகிறது. உங்கள் மகள் ஷிபானாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். விருதுநகர் பள்ளிக்கூடத்தில் கால்பந்துக் கோச் வேலையை உங்களுக்காக இந்த மாதம் 31-ம் தேதி வரை வைத்திருக்கிறார்கள். சம்பளம் இருபத்திரண்டாயிரம். தாளாளர் சொர்ணலட்சுமி அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள்.

கோவா கிளப்பில் மாதம் ஒன்றேமுக்கால் லட்சம் என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் போன மாதம் வீட்டுக்கு வந்தது ஒருநாள் இரண்டாயிரத்து ஐநூறு, இன்னொரு நாள் ஐயாயிரம், மறுபடி இரண்டாயிரத்து ஐநூறு. இது என்ன சம்பளம்? எனக்கு அண்ணன் தருகிற பதினாலாயிரம்கூட ஒன்றாம் தேதி மொத்தமாக வருகிறது. மாமா வேறு தினமும் கேட்கிறார், “ஏத்தா, அவன் எப்ப வாரானாம்?” என்று. என்ன சொல்லட்டும்?

உங்கள்
ஹஸ்னா


கோவா
4.12.2025

அன்பு ஹஸ்னாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். லீக் தள்ளிப் போகிறது. கிளப்பில் பணமுடை, அதனால் பிரித்துப் பிரித்துத் தருகிறார்கள். ஆரம்பித்ததும் பாக்கி முழுவதும் வரும்.

இருபத்திரண்டாயிரத்துக்கு விசில் ஊதச் சொல்கிறாயே, கொஞ்சம் யோசித்துப் பார்த்தாயா? அத்தா 1986-ல் மில் டீமில் ஆடியபோது மாதம் 640 ரூபாய். மேட்ச் அன்று இரண்டு முட்டை. அதுவே பெரிய சம்பளம் என்று ஊரே பேசியதாம். நான் 2014-ல் முதல் கையெழுத்துப் போட்டபோது வருடத்துக்கு ஆறு லட்சம். 2019-ல் முப்பது. இப்போது இருபத்தொன்று. இருபது வயதுப் பையன்கள் என்னைப் போல் இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு, என்னை ‘அண்ணா, கூல்டிரிங்க்ஸ் வாங்கித் தாங்க’ என்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் சம்பளத்தைச் சொன்னால் உனக்குத் தூக்கம் வராது.

ஏறின மனுஷன் இப்படிப் பொத்தென்று இறங்கி விருதுநகரில் வந்து நிற்க வேண்டுமா? அத்தாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

உன்
முஹ்சின்


சிவகாசி
13.12.2025

முகம்மது முஹ்சின் அவர்களுக்கு,

மலப்புறத்திலிருந்து அச்சகத்துக்கு ஒரு போஸ்டர் ஆர்டர் வந்தது. அங்கே டிக்கெட் போட்டு நடத்துகிற செவன்ஸ், அதுதான் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற பந்தாட்டம். ஃபைலைத் திறந்தால் மூன்றாவது படத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். போன பெருநாளுக்கு நான் எடுத்த படம். கீழே ‘சஜீர்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பெயர். பக்கத்தில் இருந்த மாரிசெல்வி, “அக்கா, இது நம்ம அண்ணன்ல? கோவாவுலல்ல இருக்காக?” என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, பேப்பர் குடோனில் போய் அழுதேன்.

லீக் கிளப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் செவன்ஸ் ஆடக்கூடாது, தெரிந்தால் நீக்கிவிடுவார்கள் என்று முன்பு நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்குத்தானே இந்தச் சஜீர்? என்னிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா?

பார்ட்டி ஓகே சொன்ன புரூஃபில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது. தொட்டால் நஷ்டம் எங்கள் தலையில். ஒன்பது வருடத்தில் நான் தொட்டதில்லை. இந்தத் தடவை தொட்டேன். சஜீரை எடுத்துவிட்டு முகம்மது முஹ்சின் என்று போட்டேன். ஆயிரம் போஸ்டர் அடித்து, லோடு நேற்றுக் கிளம்பிவிட்டது. அண்ணனுக்கு இன்னும் தெரியாது. உங்கள் கிளப் பார்க்கட்டும், துரத்தட்டும். அப்போதாவது வீட்டுக்கு வருவீர்கள்.

ஹஸ்னா


மஞ்சேரி
22.12.2025

அன்பு ஹஸ்னாவுக்கு,

ஸலாம். மேலே எழுதியிருக்கிற ஊர் உண்மை, மலப்புறம் பக்கம்தான். கிளப் என்னைத் துரத்த முடியாது. ஜூன் மாதமே அனுப்பிவிட்டார்கள். வயது முப்பத்திரண்டு, லீக் எப்போது என்றே தெரியவில்லை, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். அக்டோபர் வரை சேமிப்பை எடுத்து அனுப்பினேன். அப்புறம் இங்கே வந்துவிட்டேன். மேட்ச்சுக்கு இரண்டாயிரத்து ஐநூறு. பெயரை மாற்றியது கிளப்புக்குப் பயந்து இல்லை, உனக்குப் பயந்து. நாட்டில் பாதிப் போஸ்டர் சிவகாசியில்தான் அடிக்கிறார்கள் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

போஸ்டரைப் பார்த்துச் செவன்ஸ் கமிட்டிச் செயலாளர் சண்டைக்குத்தான் வந்தார். விசாரித்ததும் குரல் மாறிவிட்டது. லீக் ஆடியவன் என்று தெரிந்து மேட்ச் அன்றைக்குக் கேலரி நிறைந்துவிட்டது. இப்போது மேட்ச்சுக்கு ஆறாயிரம். வாரம் மூன்று மேட்ச், மே வரை. பள்ளிக்கூடத்துச் சம்பளம்போல மூன்று பங்கு. சரி என்று சொல்லிவிட்டேன்.

பதினொரு வருடம் ஆடினேன். ஏன் ஏற்றினார்கள், ஏன் இறக்கினார்கள் என்று ஒருவரும் எனக்கு விளக்கவில்லை. எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது. சொர்ணலட்சுமி அம்மாவை ஜூன் வரை பொறுக்கச் சொல்ல முடியுமா?

உன்
முஹ்சின்


சிவகாசி
1.1.2026

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சொர்ணலட்சுமி அம்மா பொறுக்கவில்லை. “ஒங்க வீட்டுக்காரரு பெரிய பிளேயரு, எங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, இருபத்துமூன்று வயதுப் பையனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

போஸ்டர் விஷயத்தை அண்ணனிடம் நானே சொன்னேன். புரூஃப் மேஜையிலிருந்து பைண்டிங்குக்கு மாற்றிவிட்டார். ஆயிரத்து ஐநூறு குறைவு. இறங்குவது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரிகிறது, ஆனால் நான் அதை உங்களிடம் மறைக்கவில்லை.

நேற்று மாமா, “இப்ப எம்புட்டுத்தான் குடுக்காக?” என்று கேட்டார். சொன்னேன். “சரி, எப்படி ஆடுதான்?” என்றார். கல்யாணமாகி எட்டு வருடம். ஒவ்வொரு வருடமும் உங்கள் சம்பளம் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு ஆட்டம்கூட நான் நேரில் பார்த்ததில்லை. நீங்களும் கூப்பிட்டதில்லை.

பொங்கல் லீவில் மாமாவையும் ஷிபானாவையும் அழைத்துக்கொண்டு மஞ்சேரிக்கு வருகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டிக்கெட்டை நாங்களே வாங்கிக்கொள்வோம்.

ஹஸ்னா