பச்சைக் குழியும் பருவமழையும்

2012 பிப்ரவரி 19, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் குழிக்குப் போய்விட்டு வந்தேன். போகாவிட்டால் மட்டும் அது வற்றிவிடப் போகிறதா?

மரம் பதப்படுத்தும் ஆலையில் ஜனவரியில் தீப்பிடித்தபோது மரம் செல்லரிக்காமல் இருக்க ஏற்றும் விஷ மருந்துத் தொட்டி வெடித்தது. தீயணைப்பு வண்டிகள் அடித்த தண்ணீரும் மருந்தும் கலந்து ஓடியதை, அவசர அவசரமாகப் பின்னால் ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துத் தேக்கினார்கள். இன்னும் பச்சையாக நிற்கிறது. குழிக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மண்கரை, அவ்வளவுதான்.

அதைச் சுத்தம் செய்யும் வேலையை எங்கள் ஆபீஸில் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு போட்டு மருந்தைப் படியவைத்து, வண்டலை மூட்டை கட்டி இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பலேற்ற வேண்டும். தெளிந்த தண்ணீரைச் சோதித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியில் விட வேண்டும். மே மாதம் மழை பிடித்துவிடும். அதற்குள் முடிக்கலாம். இந்த ஊர் விட்டால்.

பிப்ரவரி 27

ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒரு சொட்டுகூடக் கழியில் விடக் கூடாதாம். குழித் தண்ணீர் மொத்தத்தையும் கப்பலில் ஏற்றி மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டுமாம். அரிசி, சிமெண்ட், வெங்காயம் எல்லாம் அங்கிருந்து வருகிறது என்பதற்காக, நம்முடைய விஷத்தை அவர்கள் ஆரத்தி எடுத்து வாங்கிக்கொள்வார்களா?

முதல் கையெழுத்து பழனியாண்டி மச்சானுடையது. என் மனைவி நீலாவதியின் அண்ணன். கழிமுகத்தில்தான் அவருடைய டிங்கிப் படகு கட்டிக் கிடக்கும், வலை போடுவதும் அங்கேதான். சண்டை போடுகிற மாதிரிதான் போய்க் கேட்டேன்.

"மாப்பிள்ளை, நீங்க சுத்தம் பண்ணித்தான் விடுவீங்க, எனக்குத் தெரியும். வாங்குறவனுக்குத் தெரியணுமே. மருந்துத் தண்ணி மீனுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், நான் வலையைச் சுருட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

கோபம்தான் வந்தது, அதுவும் அவர் மேல் இல்லை.

மார்ச் 6

ஒரு டிரம் தண்ணீரை மாதிரிக்குச் சுத்திகரித்தோம். சோதனையில் தேறிவிட்டது. அறிக்கையை யார் படிக்கிறார்கள்? கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, அந்தத் தண்ணீரை ஊற்றி, மடவை மீன்குஞ்சுகளை விட்டிருக்கிறேன். குஞ்சுகளைப் பிடித்துக் கொடுத்தது மச்சானேதான், சிரித்துக்கொண்டே. ஆபீஸில் வைத்தால் பார்க்க ஆளில்லை என்று ஷாதிபூரில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தேன். காற்று விட ஒரு குட்டி மோட்டார்.

"எந்நேரமும் ரொய்ங்னு கத்துது. குழம்புல போட வேண்டியதுக்கு இவ்வளவு உபசாரமா?" என்கிறாள் நீலாவதி.

மார்ச் 11

பிழைத்திருக்கின்றன.

மார்ச் 25

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. எதிர்வீட்டு வங்காளி அம்மாள் பொரி போடுகிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

இன்று மச்சான் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். "கொழுத்துத்தான் இருக்கு," என்றார். இதை மீட்டிங்கில் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"தொட்டியைக் கொண்டாங்க. எல்லார் முன்னாடியும் உசிரோட இருந்துச்சுன்னா நானே எழுந்து சொல்றேன். மார்க்கெட்காரங்க கேப்பாங்க."

கேட்பார்கள். அவர் சொன்னால் கேட்பார்கள். ஏப்ரல் 16-ஆம் தேதி குழித் தண்ணீரைப் பற்றிப் பொதுக்கூட்டம். எங்கள் பெரிய இன்ஜினியர் "பப்ளிக்கோ ஸம்ஜாவோ" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஜனங்களுக்குப் புரியவைக்க வேண்டியது நான், கையெழுத்துப் போட வேண்டியது அவர்.

ஏப்ரல் 12

நேற்று மதியம் பூமி ஆடியது. சுனாமி எச்சரிக்கை என்றதும் ஊரே மேட்டுக்கு ஓடியது. 2004-ஐப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. நான் மட்டும் குழிக்கு ஓடினேன். கரை விட்டிருந்தால்? ஆட்களோடு மணல்மூட்டை அடுக்கி அங்கேயே கிடந்தேன். கரை விடவில்லை. கடலும் வரவில்லை.

இன்று மாலையில்தான் வீடு வந்து சேர்ந்தேன். நீலாவதி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டுக் காலையில் திரும்பினாளாம். "நேத்தே கரண்டு போயிடுச்சு. இன்னிக்கு மத்தியானம்தான் வந்துச்சு," என்றாள். ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தேன். மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் தொட்டிப் பக்கம் திரும்பாமல் டீ போடப் போனாள். களைப்பு என்று நினைத்தேன்.

ஏப்ரல் 16

எப்படி எழுதுவது இதை.

ஹால் நிறைய ஜனம். தொட்டி மேஜை மேல். மார்ச் முதல் இதே தண்ணீர், இதே மீன்கள் என்று ஹிந்தியிலும் தமிழிலும் சொன்னேன். மச்சான் எழுந்திருக்கப் போனார். அதற்குள் முன்வரிசையில் இருந்த முருகையா — ஜங்லிகாட்டில் வீச்சுவலை போடுகிறவன், சூதுவாது தெரியாதவன் — தொட்டியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது நான் குடுத்த மீனாச்சே சார், வாலு கிழிஞ்சதுகூட அப்படியே இருக்கு. பூகம்பத்துக்கு மறுநாள் உங்க வீட்டு அக்கா வந்து, உசிரோட வேணும்னாங்க. அன்னிக்கு எவனும் கடலுக்குப் போகலை. நான்தான் கரையில நின்னு வீசினேன்."

மச்சான் பாதி எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் பார்த்தேன். நீலாவதி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"யாரு மாத்தச் சொன்னது?" என்று பின்னாலிருந்து குரல்.

"நான்தான்," என்றேன்.

அப்புறம் ஒரே கூச்சல். 'சோர்' என்று கத்தினார்கள். ஆமாம், திருடன்தான்.

வீட்டில் அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "கரண்டு போயி மோட்டார் நின்னுதான் செத்துச்சு. தண்ணியால இல்லீங்க. நீங்க குழியில கிடந்துட்டு வந்து இதைப் பார்த்தா ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு... மீனுன்னா மீனுதானேன்னு வாங்கிப் போட்டேன்."

கரண்ட் போனது ஊருக்கே தெரியுமே. செத்த மீனைக் காட்டியிருந்தால்கூட நம்பியிருப்பாங்களே. மேடையிலேயே நான் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். வாய் வரலை. அத்தனை பேர் முன்னாடி பொண்டாட்டியை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது? கொடுத்திருக்கணுமா?

ஏப்ரல் 18

குழி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கமிட்டி போட்டிருக்கிறார்கள்.

மே 3

கப்பலில் அனுப்புவதுதான் வழி என்று கமிட்டி சொன்னது. மெயின்லேண்டில் எந்தத் துறைமுகமும் வாங்க மாட்டேன் என்கிறதாம். மறுபடி கூடுவார்களாம். கூடட்டும், டீயும் சமோசாவும் நன்றாகத்தான் இருக்கும்.

மே 14

தென்மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. எனக்குச் சம்பந்தமில்லாத குழிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறேன். காவலாளி உள்ளே விடவில்லை. தண்ணீர் கரை விளிம்பைத் தொட இன்னும் ஒரு முழம் இருக்கிறதா என்று வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். எதிரில் வந்த மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மே 20

மழை.

மே 23

விடாத மழை. கரை உடைந்துவிட்டது. ஒரு பிடி சுண்ணாம்புகூடப் படாத தண்ணீர் அப்படியே கழிக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தேன். கழி முழுக்கப் பச்சை. சேற்றில் செத்து ஒதுங்கிக் கிடந்த மீன்களைக் காக்கைகூடத் தொடவில்லை. ஐயோ என்று கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? ஒரு சொட்டு வேண்டாம் என்றவர்களையா, என்னையா?

ஜூன் 8

கழியில் வலை போடத் தடை. எவ்வளவு நாளைக்கு என்று உத்தரவில் இல்லை. நீலாவதி அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாளாம்.

செப்டம்பர் 9, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. கமிட்டி கடைசியில் என் முறையையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழித் தண்ணீரைச் சுத்திகரிக்க அனுமதி. இப்போது குழியில் நிற்பது மழைத்தண்ணீர்.

இன்று மச்சான் குடும்பத்தோடு வடக்கே மாயாபந்தருக்குப் போய்விட்டார். அங்கே வேறொருவர் படகில் கூலிக்கு. டிங்கியை விற்றாகிவிட்டது. கப்பல் ஏற்றிவிட ஜெட்டிக்கு நாங்களும் போயிருந்தோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஆர்டர் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லது மாப்பிள்ளை," என்றார். ஐந்து மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "தங்கச்சியைப் பாத்துக்குங்க." ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீலாவதி வெளியே பார்த்தபடி சொன்னாள், "அன்னிக்கு என் பேரைச் சொல்லியிருக்கலாம் நீங்க. அண்ணன் ரெண்டு நாள் என்னைத் திட்டியிருக்கும். அதோட போயிருக்கும்."

ஆமாம் என்றேன்.